கோகிலா மேடம் குரலில்

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, அது செவ்வந்தி அக்காவுடையது. வந்து பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார், அவ்வளவுதான். அந்தப் பச்சை நாற்காலியில் உட்காருங்க, அது வருகிறவர்களுக்கு. நான் இங்கே தரையில், சுவரோரமாக இருந்துகொள்கிறேன். எனக்கு இதுதான் வசதி.

கேட்டுக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் கூப்பிட்டீங்களோ? தள்ளினாலே திறக்கும். எங்கள் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, கொண்டி கூடக் கிடையாது. தவமணிம்மா கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு, பேரீச்சம்பழம் வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்.

அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள். இந்த வீட்டில் இருக்கிற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்று சொல்லக் கூடாது. அவர்கள் போகிறார்கள், அம்மா கூடப் போகிறாள், அப்படித்தான் சொல்ல வேண்டும். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள். "விழி, நெய்வேலியிலேர்ந்து ஒருத்தங்க வருவாங்க. தங்கச்சியை இங்க விடலாமான்னு பார்க்க வர்றாங்க. தண்ணி குடு, வீட்டைக் காட்டு. வாயை மட்டும் தொறந்துராதே."

வாசலைத் திரும்பிப் பார்க்கிறீங்க. அம்மா இல்லை அக்கா, நான்தான். போனில் கேட்ட அதே குரல், இல்லையா?

எனக்கு எல்லாக் குரலும் வரும். ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிடுகிறவர், எதிர்வீட்டு ஆன்ட்டி, எங்கள் பள்ளிக்கூடத்து ஹெச்.எம்., எல்லாரும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறார்கள். வாடகை கிடையாது. குக்கர் விசில் கூட வரும். ஒருநாள் நான் மூன்று விசில் அடிக்க, எங்களோடு இருக்கிற பவளக்கொடி டீச்சர் அடுப்பை அணைக்க, அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் நறுக் நறுக்கென்று சோறு தின்றோம். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். டீச்சர்தான் தடுத்தார். "விடுங்க குணவதி, விசில் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு" என்றார்.

ஜன்னல் கம்பியைப் பார்க்கிறீங்க. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சாதாரண வீட்டுக் கம்பிதான், திருடனுக்காகப் போட்டது. அப்புறம் மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்பார்கள். மருந்து அங்கேயும் இதே மருந்துதான் அக்கா. அதே வெள்ளை மாத்திரை, அதே மஞ்சள் மாத்திரை. அப்புறம் ஏன் அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அம்மா வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

அங்கே என்றால் பெரிய இல்லம். ஊருக்கு வெளியே, கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில். மனசு சரியில்லாமல் போய், வைத்தியம் முடிந்து, வீட்டில் யாரும் கூட்டிக்கொண்டு போகாத பெண்கள் அறுபது பேர். ஒரே கூடம், அறுபது கட்டில். அம்மாவுக்கு அங்கே அட்டெண்டர் வேலை. பின்பக்கம் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். நான் பிறந்தது, தவழ்ந்தது, பேசக் கற்றது எல்லாம் அங்கேதான். பேசக் கற்றது என்றால் அறுபது பேர் குரலில்.

அங்கே லைட், ஃபேன் ஸ்விட்ச் எல்லாம் வார்டன் அறையில் இருக்கும். கோகிலா மேடத்துக்குப் புழுங்கினால் அறுபது பேருக்கும் காற்று வரும். மேடத்துக்குத் தூக்கம் வந்தால் அறுபது பேருக்கும் இருட்டிவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கண்ணாடி கிடையாது, உடைத்துக் கையைக் கிழித்துக்கொள்வார்கள் என்று. பவளக்கொடி டீச்சர் இந்த வீட்டுக்கு வந்த அன்று பீரோ கண்ணாடியில் பார்த்துவிட்டு, "குணவதி, இங்க ஒரு வயசான அம்மா நிக்கிறாங்க, உட்காரச் சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். அம்மா ஏன் அழுதாள் என்று தெரியவில்லை.

கோகிலா மேடம் கெட்டவர் இல்லை, சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு அறுபது பேருக்கும் தன் கையால் பூ வைத்துவிடுவார். ஆனால் அவருக்கு ஒரு குரல் உண்டு. முதலில் இரண்டு கைதட்டல். டப், டப். அப்புறம், "எந்திரி. தட்டு." அவ்வளவுதான். கூடத்தில் அறுபது பேரும் எழுந்து, நம்பர் போட்ட தட்டை எடுத்துக்கொண்டு, உயரப்படி வரிசையில் நிற்பார்கள். குள்ளம் முன்னால். அதனால் வரிசையில் எப்போதும் நான்தான் முதல். எனக்கும் ஒரு தட்டு, அதில் சிவப்பு பெயிண்டில் அறுபத்தொன்று. அதோ, அந்த அலமாரியில் இருக்கிறது பாருங்க. இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளானதும் அவர்கள் மூன்று பேரும் பாத்திரக்கடையில் புதுத் தட்டு வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டார்கள். எனக்கும் வாங்குகிறேன் என்று தவமணிம்மா சொன்னார். எனக்கு எதற்கு? நான் என்ன அங்கே இருந்து வந்தவளா? நல்ல தட்டு, ஓட்டை இல்லை, ஒடுக்கு இல்லை.

போன வருஷம் இல்லத்தை நடத்துகிற டிரஸ்டில் ஒரு புது டாக்டரம்மா வந்தார். இவர்களில் சிலருக்கு ஒரு தெருவில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்தால் தாங்களே வாழ்வார்கள் என்றார். செயலாளர் ஐயா தலையைச் சொறிந்தார். கோகிலா மேடம் சொன்னது எனக்கு அப்படியே வரும், கேளுங்க. "வீடு எதுக்கு டாக்டர்? கூட்டத்துல இருந்தாத்தான் பத்திரம். தனியா விட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?" கடைசியில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. மூன்று பேர், கூட இருக்க என் அம்மா, அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நான். ஆறு மாதம் முடிந்ததும் வந்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வீட்டைக் காலி செய்து எல்லாரும் பழையபடி அங்கேயே. நாங்களும்தான், அந்த ஒற்றை அறைக்கு.

வந்த புதிதில் வீடு எப்படி இருந்தது தெரியுமா? மூன்று பேரும் இதோ நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி காலியாக இருக்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்தான் பசிக்கும். தவமணிம்மா பெரிய இல்லத்தில் என் வயதைவிட அதிக காலம் இருந்தவர். முதல் நாள் ஸ்விட்சுக்குக் கீழே நின்றுகொண்டு "போடலாமா" என்று கேட்டார். அம்மா "உங்க வீடுதானே" என்றாள். போட்டார். அணைத்தார். போட்டார். பல்பு போய்விட்டது. அடுத்த நாள் அவரே கடைக்குப் போய் வேறு பல்பு வாங்கி வந்தார். அதற்கப்புறம் அடுப்பங்கரை அவருடையது ஆகிவிட்டது. அம்மாவே உள்ளே போகப் பயப்படுவாள்.

செவ்வந்தி அக்காதான் கஷ்டம். முப்பது வயசிருக்கும், பேச மாட்டார். இட்லியை முந்தானையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார். நாளைக்குக் கிடைக்காமல் போய்விட்டால்? ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. போட்டார். டக். எடுத்தார். போட்டார். டக். ஒரு முழுக் காலை நேரம் டக், டக். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. அதற்கு அடுத்த வாரம் தலையணைக்கு அடியில் இட்லி இல்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அதுதான் பிரச்சினை. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது அக்கா. அறுபது பேர் சத்தத்தில் வளர்ந்தவள் நான். இங்கே ஒருத்தர் காய் நறுக்குகிறார், ஒருத்தர் பேப்பர் படிக்கிறார், ஒருத்தர் தாழ்ப்பாள் போடுகிறார். எனக்குக் காது அரித்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, சும்மா, சும்மாதான், இரண்டு தட்டு தட்டினேன். டப், டப். "எந்திரி. தட்டு."

எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் வரிசையில் நிற்கிறார்கள். பெயர் வெட்டிய புதுத் தட்டைப் பிடித்துக்கொண்டு. உயரப்படி. தவமணிம்மா அடுப்பில் பருப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறார், பருப்பு கருகி வாசனை வருகிறது, யாரும் திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு சிரித்தேன், வயிறு வலிக்க. நீங்க சிரிக்கலையா? நேரில் பார்த்திருந்தால் சிரித்திருப்பீங்க.

அதற்கப்புறம் ஒன்றிரண்டு தடவை. சரி, நாலைந்து தடவை. அம்மா இல்லாத சமயமாகப் பார்த்து.

அந்த வாரம்தான் செவ்வந்தி அக்காவுக்கு மறுபடியும் ஆரம்பித்தது. கட்டிலில் படுக்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தார். தலையணைக்கு அடியில் மறுபடியும் இட்லி, எறும்பு. தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். அம்மா மாத்திரையை எண்ணினாள், சரியாக இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "என்ன ஆச்சுன்னே தெரியலை மேடம், நல்லாத்தான் இருந்தா." டாக்டரம்மா, "வீட்டுல ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார். அம்மா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். எதிர்வீட்டில் அப்போது போர் போட்டுக்கொண்டிருந்தார்கள், கடகடவென்று ஒரே சத்தம். அதனால்தான் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அந்தச் சத்தம் யாரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும்.

விஷயம் டிரஸ்டுக்குப் போயிற்று. செயலாளர் ஐயா போனில் சொன்னதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். "குணவதி, அந்தப் பொண்ணு சரியில்லேன்னா மூணு பேரையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கணும். ஒருத்தருக்காக வாடகை குடுக்க முடியாது. சீக்கிரம் வந்து பார்க்கிறோம். கோகிலா மேடமும் வருவாங்க, அவங்களுக்குத்தான் இவங்களைப் பத்தித் தெரியும்."

கோகிலா மேடமும் வருவாங்க.

எனக்குப் பயமாகிவிட்டது. மேடம் வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது அவருக்கு. தட்டுவார். இவர்கள் எழுந்து வரிசையில் நிற்பார்கள். டாக்டரம்மா பார்ப்பார். செயலாளர் ஐயா பார்ப்பார். "பார்த்தீங்களா சார், நான் சொன்னேன்ல, இதுங்களுக்கு வீடும் ஒண்ணுதான் கூடமும் ஒண்ணுதான்." அவ்வளவுதான் கதை. இவர்கள் நிற்பார்கள் என்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே.

அடுத்த நாளே தவமணிம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். பயத்தில் இருந்தேன் என்றுதானே சொன்னேன், பயத்தில் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் தானாக வரும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த் தட்டிவிட்டேன். இந்தத் தடவை தவமணிம்மா வரிசைக்குப் போகவில்லை. கரண்டியோடு பின்பக்கம் வந்துவிட்டார்.

"மேடம் எங்க?" என்று கேட்டார்.

அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். கொடியில் காய்ந்த போர்வையை விலக்கிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. அப்புறம் என்னைப் பார்த்தார். கிட்டே வந்து ஒரு விரலால் என் தொண்டையைத் தொட்டார்.

"இங்கயா இருக்காங்க?"

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு. நான் பார்க்கிறப்ப சொல்லு."

சொன்னேன். டப், டப். "எந்திரி. தட்டு." என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் கால் நகர்ந்தது அக்கா. அவர் நகர்த்தவில்லை, அதுவாக நகர்ந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார், அடுத்தவர் கோழி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. துவைக்கிற கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

சொன்னேன். நகர்ந்தது.

"இன்னொரு தடவை."

எத்தனை தடவை என்று தெரியாது. என் தொண்டை வறண்டு, உள்ளங்கை சிவந்து போயிற்று. நடுவில் ஒருமுறை நான் போதும் என்றேன். "போதும்னு நான் சொல்லணும்" என்றார். கடைசியில் ஒரு தடவை தட்டினேன், கால் அசையவில்லை. அப்படியே நின்றார். எதிர்வீட்டு போர் சத்தம்கூட அப்போது நின்றிருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னார். "நாளைக்கும் வந்து சொல்லு. நல்லா பண்றே."

என் திறமையைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அக்கா அவர். அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் நடந்தது. அம்மா குளிக்கப் போகும்போது, கடைக்குப் போகும்போது. தவமணிம்மா டீச்சரை இதோ இந்த நாற்காலியில் உட்காரவைப்பார், நான் எதிரில் நின்று தட்டுவேன். டீச்சர் முதல் தடவையே எழுந்துவிட்டார். தவமணிம்மா தோளை அழுத்தி, "மேடம் இல்லை டீச்சர், பாப்பா தொண்டை. பாருங்க, தொண்டை ஆடுது பாருங்க" என்றார். நாலு நாளில் டீச்சர் எழுவதை விட்டுவிட்டு மார்க் போட ஆரம்பித்துவிட்டார். "'எந்திரி'யில மூக்கு போதலை விழி. 'தட்டு'ல கொஞ்சம் சளி வேணும்." அப்புறம் ஒரே கேட்பு. மேடம் கத்தரிக்காய் விற்றால் எப்படி இருக்கும்? விற்றேன். மேடம் கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தால்? விசாரித்தேன். "எந்திரி. பாயசம்." டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் பல்செட் கழன்றுவிட்டது.

செவ்வந்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தவமணிம்மா அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார். நான் தட்டும்போது செவ்வந்தி அக்கா எழப் பார்ப்பார், கை விடாது. நடுங்குவார். ஒருநாள் நடுக்கம் தாங்காமல் நாற்காலியோடு விழுந்துவிட்டார். நான் நிறுத்திவிடலாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் போரடித்துவிட்டது, சிரிக்காத ஆளுக்கு எத்தனை தடவை செய்வது? தவமணிம்மா விடவில்லை. "மெதுவா சொல்லு. சின்னக் குரல்ல சொல்லு" என்றார். மேடம் குரலில் தாலாட்டு மாதிரி சொன்னேன். எந்திரி. தட்டு. செவ்வந்தி அக்கா என் தொண்டையைப் பார்த்தார், ரொம்ப நேரம். அப்புறம் வாய் திறந்தது.

"மாட்டேன்."

இந்த வீட்டில் அவர் பேசின முதல் வார்த்தை. தவமணிம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. கழுவ அங்கே பாத்திரமே இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து வந்துவிட்டார்கள். வியாழக்கிழமை என்றவர்கள் திங்கட்கிழமை காலையே கார் வந்து நின்றது. செவ்வந்தி அக்கா அன்றைக்கும் கட்டிலுக்கு அடியில்தான் படுத்திருந்தார். அம்மாவுக்குப் புடவை மாற்றக்கூட நேரமில்லை. நெற்றியில் குங்குமம் வியர்வையில் ஓடுகிறது, "வாங்க சார், வாங்க மேடம்" என்கிறாள், என் குரலில்கூட அவ்வளவு நடுங்கி வராது. செயலாளர் ஐயா அந்தப் பச்சை நாற்காலியில். டாக்டரம்மா அந்தப் பக்கம். கோகிலா மேடம் செவ்வந்தி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் இதோ இதே இடத்தில், சுவரோரம்.

"எல்லாரும் எப்பவும் போல இருங்க, நாங்க சும்மா பேசிட்டுப் போறோம்" என்றார் டாக்டரம்மா. தவமணிம்மா டீக்குப் பால் வைத்திருந்தார், அடுப்பங்கரையில். டீச்சர் அந்த அறையில் பேப்பரோடு. செவ்வந்தி அக்கா அறைக் கதவு திறந்தே கிடந்தது. யாரும் கூடத்துக்கு வரவில்லை.

செயலாளர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கம்மா அவங்கல்லாம்?"

"கூப்பிடறேன் சார்" என்று அம்மா எழுந்தாள்.

"நீ இரு குணவதி" என்றார் கோகிலா மேடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆசையாகத்தான் சொன்னார். "என் பிள்ளைங்க. நான் கூப்பிட்டா வருவாங்க."

கத்தலாம் என்று நினைத்தேன், எந்தக் குரலும் வரவில்லை. தொண்டைக்குள் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் வரவில்லை. மேடம் கையைத் தூக்கினார்.

டப், டப்.

"எந்திரி. தட்டு."

பால் கொதிக்கிற சத்தம் கேட்டது. அது மட்டும்தான்.

அப்புறம் அடுப்பங்கரையிலிருந்து தவமணிம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏ வாலு, பால் பொங்குற நேரத்துல வந்து உயிரை வாங்காதே. வேலை இருக்கு."

அந்த அறையிலிருந்து டீச்சர், "இன்னிக்குச் சரியில்லை விழி. ரொம்பச் செயற்கையா இருக்கு. நேத்து நல்லா பண்ணினே."

செவ்வந்தி அக்கா அறையிலிருந்து ஒன்றும் இல்லை. எல்லாரும் அந்தத் திறந்த கதவையே பார்த்தோம். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருத்தர் வெளியே வருகிற சத்தம். காலடி. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம்,

டக்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா கதவைப் பார்த்தார், அடுப்பங்கரையைப் பார்த்தார், அவர் உதடு மடிந்து மடிந்து சிரிப்பை அடக்குகிறது. செயலாளர் ஐயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, யாருமே வரலை?" என்றார். கோகிலா மேடம் தூக்கின கையைத் தூக்கினபடி உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா அங்க நிக்கிற?"

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அறுபத்தொன்று. எப்போது எழுந்தேன், எப்போது அலமாரிக்குப் போனேன் என்று பார்க்கவில்லை. வரிசையில் எப்போதும் நான்தான் முதல் என்று சொன்னேன் இல்லையா? அன்றைக்கும் நான்தான் முதல். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

டீ கொடுக்கத்தான் எழுந்தேன் அக்கா. ட்ரேக்குப் பதிலாக அவசரத்தில் தட்டு கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டார். "இவ எத்தனை வருஷம் அங்க இருந்தா?"

"அங்கதான் மேடம் பொறந்தா."

எதற்குக் கேட்டார் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் வந்தது அவர்கள் மூன்று பேரைப் பார்க்க.

தவமணிம்மா டீயோடு வந்தார். மேடத்தைப் பார்த்ததும் ட்ரே ஒரு ஆட்டம் ஆடியது, அப்போதுதான் புரிந்தது அவருக்கு, தான் அதட்டினது யாரை என்று. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கால் நகரவில்லை அக்கா, நான் பார்த்தேன். "மேடம், அது செவ்வந்தி நாற்காலி" என்றார். "இதுல உட்காருங்க. சர்க்கரை எவ்வளவு?" மேடம் எழுந்து மாறி உட்கார்ந்தார். தனக்கு எவ்வளவு சர்க்கரை என்று தெரியாமல் செயலாளர் ஐயாவைப் பார்த்தார்.

வீடு எங்களுக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். செயலாளர் ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது, டாக்டரம்மா பேசிச் சரிசெய்தார். கிளம்பும்போது கோகிலா மேடம் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். தட்டவில்லை, விரலால் கூப்பிட்டார்.

"நான் அப்படியா பேசறேன், விழி?"

"நான் அப்படியா பேசறேன், விழி?" என்று வந்துவிட்டது எனக்கு, அவர் குரலிலேயே. வேண்டும் என்று செய்யவில்லை. மேடம் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "அவ்வளவு கரகரப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்.

இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், வீடு மாறினதால்தான் இவர்கள் மாறினார்கள் என்று. ஸ்விட்ச், தாழ்ப்பாள், கண்ணாடி, தனித்தனி நாற்காலி. இருக்கலாம். ஆனால் என் குரல் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதை யாரும் சொல்வதில்லை. தவமணிம்மாகூடச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக இப்போதெல்லாம் என்னைத்தான் நாற்காலியில் உட்கார், உட்கார் என்று நச்சரிக்கிறார். உட்கார்ந்தேன் ஒருநாள். ஏதோ அடுத்தவர் மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்துவிட்டேன்.

உங்க தங்கச்சியைக் கொண்டுவந்து விடுங்க அக்கா. அந்தக் கடைசி அறை காலி. தாழ்ப்பாள் உள்பக்கம், எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அவங்க எப்படிப் பேசுவாங்க, சன்னமாகவா, கனமாகவா? ஒரு நாள் கேட்டால் போதும் எனக்கு. பயப்படாதீங்க, தவமணிம்மா கேட்கச் சொன்னால்தான் செய்வேன்.

இதோ வந்துவிட்டார்கள். ஆட்டோ சத்தம். இன்றைக்குச் சந்தைக்கு மட்டும் இல்லை, பாத்திரக்கடைக்கும் போகிறோம் என்று சிரித்துக்கொண்டே போனார்கள், எதற்கென்று சொல்லவில்லை. என் முழுப் பெயரை மட்டும் டீச்சர் கேட்டுக்கொண்டார், அருள்விழியா, அருள்மொழியா என்று, தெரியாத மாதிரி.

டப், டப்.

"எந்திரி. தட்டு."

கேட்டீங்களா? கோகிலா மேடம் இல்லை அக்கா. அது தவமணிம்மா, வாசலில் நின்றுகொண்டு. என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னையே செய்கிறார், அதுவும் எவ்வளவு மோசமாக, மூக்கே இல்லாமல்.

நான் அதற்காக எழுந்திருக்கவில்லை. அப்படிப் பார்க்காதீங்க. கை நிறையப் பையோடு வருகிறார்கள் இல்லையா, கேட்டைத் திறந்துவிடத்தான் எழுந்தேன்.